நகர நூதனசாலைக்கு இடம் எது?

நூதனசாலை என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது கொழும்பிலே கறுவாத்தோட்டத்தில் நிற்கும் வெண்ணிற மாளிகையே. ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் எழுந்து, 1877ஆம் ஆண்டு யனவரி முதலாந் திகதி திறக்கப்பெற்ற அம்மாளிகையிலே கண்டி அரசரின் சிம்மாசனமும் முடியும், வெண்கலப் படிமங்களும், கல்வெட்டுகளும் இடம்பெற்றுள்ளன. அது நாடு முழுவதற்கும் உரிய நூதனசாலை. நேயர்களே, இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டது அத்தகையதன்று. ஒரு நகரம் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளும் நகர வரலாற்று நூதனசாலையைப் பற்றியும், அதற்குரிய இடத்தைத் தெரியும் முறை பற்றியுமே பேச எண்ணுகின்றேன்.

நாட்டு நூதனசாலை சிறந்தவற்றைத் தேடிச் சேர்ப்பது. நகர நூதனசாலையோ சாதாரணமானவற்றையும் போற்றிச் சேர்ப்பது. பழைய தெருப்பலகை, வணிகர் கையாண்ட தராசும் படிக்கற்களும், இடிந்த வீடொன்றின் நிலைக்கதவு, காணி உறுதி எழுதிய ஓலை, பள்ளிக்கூடத்து வரவு இடாப்பு, மீனவரின் வலைக்குண்டு ஆகியன அதன் செல்வங்கள். சிம்மாசனத்தை எந்த மண்டபத்தில் வைத்தாலும் அது அரசனைப் பற்றிப் பேசும். வலைக்குண்டு அவ்வாறு பேசாது. அதைக் கையாண்டவர் வாழ்ந்த தெருவும், அவர் நடந்த வழியும் அருகே இருந்தாலன்றி அது வெறும் ஈயத்துண்டாகவே தோன்றும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நாட்டு நூதனசாலைக்கு அகழ்வாய்விலிருந்தும் அரசாங்கக் களஞ்சியத்திலிருந்தும் பொருள்கள் வந்து சேரும். நகர நூதனசாலைக்கு வேண்டியவற்றுட் பெரும்பகுதி வீடுகளிலே கிடக்கின்றது. பாட்டியின் பெட்டகத்திலும், பரணிலும், சட்டமிட்ட படத்தின் பின்புறத்திலும் கிடக்கின்றது. அதை விலை கொடுத்து வாங்கிவிட முடியாது. சட்டத்தால் எடுத்துக்கொள்ளவும் முடியாது. மக்கள் தாமே மனமுவந்து கொண்டுவந்து கொடுத்தல் வேண்டும். தமக்குரியது என்று கருதும் இடத்திற்கே அவர்கள் கொண்டுவருவர். ஆதலின், இடத்தைத் தெரிவது கட்டடக் கலைஞரின் அலுவல் மட்டுமன்று. நூதனசாலை நிறையுமா, வெறுமையாய்க் கிடக்குமா என்பதைத் தீர்மானிக்கும் அலுவலும் அதுவே. எங்கே அரசாங்கக் காணி வெறுமையாய்க் கிடக்கிறதோ அங்கே அத்திவாரக் கல்லை நட்டுவிடுவோம் என்னும் வழக்கம் இவ்விடயத்திற் பொருந்தாது.

பிற நாட்டு நகரங்கள் இவ்வினாவுக்கு எவ்வாறு விடை கண்டன என்பதை முதலிற் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில், ஓஸ்மான் என்னும் நிருவாகி பாரிசு மாநகரைப் புதிதாய் அமைக்க முற்பட்டார். நெருக்கமான பழைய தெருக்கள் இடிக்கப்பட்டன. அகன்ற நெடுவீதிகள் வெட்டப்பட்டன. இடித்தவரே இடிபட்ட நகரின் நினைவையும் காக்க எண்ணினார் என்பது வரலாற்று விநோதங்களுள் ஒன்று. 1866ஆம் ஆண்டிலே கார்ணவலே என்னும் பழைய மாளிகையை மாநகர் விலைக்கு வாங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டிலே கட்டத் தொடங்கிய அம்மாளிகை, தம் கடிதங்களாற் புகழ்பெற்ற செவிஞே சீமாட்டி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்த வீடாகும். அது நின்ற மாரே என்னும் பகுதியோ, முன்னாளிற் பிரபுக்கள் வாழ்ந்து நீங்க, பின்னாளிற் கைவினைஞரும் சிறு வணிகரும் நிறைந்த இடம். புதிய நெடுவீதிகளின் நடுவே மாளிகை எழுப்பாது, இடிபடாது எஞ்சிய பழைய பகுதியையே அவர்கள் தெரிந்தனர்.

ஆயின் நூதனசாலை திறக்கப்படு முன்னரே ஒரு பேரிடர் நேர்ந்தது. 1871ஆம் ஆண்டு மே மாதத்துக் கலகத்திலே பாரிசு நகர மண்டபம் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த நகர நூல்நிலையமும், நூதனசாலைக்கெனத் தேடிய பொருள்களும் சாம்பராயின. அவ்வேளையிலே ஜூல் கூசான் என்னும் நூலகர் தாம் தமக்கெனச் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 6,000 நூல்களை மாநகருக்கு ஈந்தார். எரிந்ததன் இடத்தில் மீண்டும் ஒன்று முளைக்க அக்கொடை வித்தாயிற்று. 1880ஆம் ஆண்டிலே கார்ணவலே நூதனசாலை திறக்கப்பட்டது. நூல்நிலையம் எரிந்த துயரை நேரே அறிந்த நமக்கு இச்செய்தி அயற்செய்தியன்று. அதனை மனத்திற் கொள்ளுக. பின்னர் அதற்கு மீள்வோம்.

அடுத்து, நம் கரையோர நகரங்களை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆண்ட ஒல்லாந்தரின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமைப் பார்ப்போம். அங்கே நகர நூதனசாலை 1926ஆம் ஆண்டிலே பழைய நிறுவை மண்டபத்தில் தொடங்கிற்று. அம்மண்டபம் பதினைந்தாம் நூற்றாண்டில் நகரின் மதில்வாயிலாக எழுந்தது. பின்னர் வணிகச் சரக்குகளை நிறுக்கும் இடமாயிற்று. நாளடைவில் இடம் போதாது போகவே, 1975ஆம் ஆண்டில் நூதனசாலை நகர நடுவிலிருந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்திற்குப் பெயர்ந்தது. 1580 முதல் 1960 வரை தாய் தந்தையரை இழந்த நகரத்துப் பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தனர். செல்வம் கொழித்த நகரம் தன் வரலாற்றைச் சொல்ல வணிகப் பிரபுவின் மாளிகையைத் தேடாது, ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தைத் தெரிந்தமை எண்ணத்தக்கது. நகரக் காவற்படையினரின் பழைய ஓவியங்கள் தொங்கிய ஒரு பகுதியை, மேலே கூரையிட்டுப் பொதுவழியாகவே விட்டனர். கடைக்குச் செல்பவர் கட்டணமின்றி அவ்வழியே நடந்து, ஓவியங்களைக் கண்டு சென்றனர். நூதனசாலைக்குள் தெருவே புகுந்து சென்றது எனலாம்.

இலண்டன் மாநகரின் அனுபவம் வேறு வகையானது. அங்கே 1826ஆம் ஆண்டில் நகர மன்றத்தைச் சார்ந்து ஒரு நூதனசாலையும், 1912ஆம் ஆண்டில் கென்சிங்ரன் அரண்மனையில் மற்றொன்றும் தோன்றின. இரண்டையும் ஒன்றாக்கி 1976ஆம் ஆண்டில் இலண்டன் மதில் என்னும் வீதியிற் புதிய கட்டடம் திறந்தனர். உரோமர் எழுப்பிய பழைய மதிலின் எச்சங்கள் அருகே நின்றன. வரலாற்று நோக்கில் இதனினும் பொருத்தமான இடம் யாது? ஆயினும் ஒரு குறை இருந்தது. சுற்றிலும் வாகனங்கள் ஓட, நூதனசாலையின் வாயில் தெருமட்டத்தில் இராது உயர்ந்த நடைபாதை ஒன்றில் அமைந்திருந்தது. தெருவிலே செல்வோர் கண்ணுக்கு வாயில் எளிதிற் புலப்படவில்லை. ஈற்றில், ஸ்மித்பீல்ட் என்னும் பழைய சந்தைக் கட்டடங்களுக்குப் பெயர்வதென 2015ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2022 திசெம்பரில் இலண்டன் மதிற் கட்டடத்தின் கதவுகள் மூடப்பட்டன. எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கால்நடையும் இறைச்சியும் விற்ற இடம் ஸ்மித்பீல்ட். முதலில் அரண்மனை, அடுத்து மதில், ஈற்றிற் சந்தை என இலண்டன் நூதனசாலை சென்ற வழியே நமக்கு ஒரு பாடமாகும்.

இம்மூன்று நகரங்களிலிருந்தும் இரு விதிகளைப் பெறலாம். தெரியும் இடம் நகர வரலாற்றிற் பங்குகொண்ட இடமாயிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அது மக்கள் நாளாந்தம் செல்லும் வழியில், தயக்கமின்றி நுழையத்தக்க வாயிலுடையதாயிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

மூன்றாவது விதியை நம் நாடே பெருந்துன்பத்தின் வழியாகக் கற்றது. காலித் துறைமுகத்திலே 1659ஆம் ஆண்டில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பலை நம் ஆய்வாளர் கடலடியில் ஆராய்ந்து, அதன் பொருள்களை மேலே கொணர்ந்தனர். அவற்றைப் பக்குவப்படுத்திக் காத்த ஆய்வுகூடம் கரையருகே இருந்தது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை அந்த ஆய்வுகூடத்தை அழித்தது. மூன்றரை நூற்றாண்டு கடலுக்குள் இருந்து மீண்ட பொருள்களிற் பல மறுபடியும் கடலுக்கே சென்றன. பொருள்களுக்குக் காப்பளிக்காத இடம் எத்துணை வரலாற்றுச் சிறப்புடையதாயினும் நூதனசாலைக்கு ஏற்றதன்று.

இனி, இவ்விதிகளைக் கைக்கொண்டு, நமக்கு நெருங்கிய ஒரு நகரை எடுத்துப் பார்ப்போம். யாழ்ப்பாண நகருக்கென ஒரு வரலாற்று நூதனசாலை அமைப்பதாயின் அதற்குரிய இடம் எது? நாவலர் வீதியிலே தொல்பொருளியல் திணைக்களத்தின் நூதனசாலை ஒன்று உண்டு. கந்தரோடையிற் கிடைத்த தொல்பொருள்கள் முதலியவற்றை அங்கே காணலாம். அதன் பணி தொன்மையைக் காப்பது. அதனை அது செய்துவருகின்றது. நகர மக்களின் அண்மைக்கால வாழ்வைக் கூறும் பொறுப்பு அதற்குரியதன்று. ஆதலின் அதற்குப் போட்டியாக அன்றித் துணையாகவே நகர நூதனசாலையை எண்ணல் வேண்டும்.

இடம் எது என்று கேட்டால் எவரும் முதலிற் சுட்டுவது கோட்டையையே. 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசைக் கவர்ந்த போர்த்துக்கேயர், ஆட்சி நிலையத்தை நல்லூரிலிருந்து கடலேரிக் கரைக்குப் பெயர்த்து, அங்கே ஒரு கோட்டையைக் கட்டினர். 1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஐந்து முனைகளையுடைய புதிய கோட்டையாக அதனைத் திருத்தி எழுப்பினர். அதன் வெளியரண்கள் முற்றுப்பெற்றது 1792ஆம் ஆண்டில். மூன்று ஆண்டுகள் கழிய, 1795ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் அதனைப் போரின்றியே பெற்றுக்கொண்டனர். தலைமுறை தலைமுறையாகக் கட்டிய அரண் தன்னைக் கட்டியவர்க்கு ஒருநாளும் பயன்படவில்லை! அண்மைக் காலத்து அகழ்வாய்வுகள், ஐரோப்பியர் வருமுன்னரே அவ்விடத்தில் வணிகக் குடியிருப்பு இருந்ததைக் காட்டியுள்ளன. தென்னிந்தியாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த மட்கலங்களின் ஓடுகள் அங்கே கிடைத்தன. முதல் விதியின்படி பார்த்தால் கோட்டைக்கு நிகரான இடம் வேறில்லை.

இரண்டாவது விதியின்படி பார்க்கும்போதுதான் தடை எழுகின்றது. நகரைக் காப்பதற்கென்று சொல்லிக் கட்டினும், கோட்டை நகர மக்களை வெளியே நிறுத்தி வைத்த இடமேயாகும். உள்ளே இருந்தவர் ஆள்வோர். வெளியே இருந்தவர் ஆளப்பட்டோர். பின்னர் அது சிறைச்சாலையாயிற்று, படை முகாமாயிற்று. 1990ஆம் ஆண்டின் முற்றுகையும் குண்டுவீச்சும் அதனையும் அதனைச் சூழ்ந்த வீதிகளையும் சிதைத்தன. 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் அப்போர்க் காலத்தில் அழிந்தது. போர் முடிந்த பின்னர் மதில்கள் திருத்தப்பட்டன. மாலை வேளையில் இளைஞரும் சுற்றுலாப் பயணிகளும் அவற்றின் மீது உலாவுவதைக் காண்கின்றோம். ஆயினும் அதன் வாயிலைக் கடக்க இன்றும் விரும்பாத முதியோர் சிலரை நான் அறிவேன். மாணவரைக் கோட்டைக்கு அழைத்துச் சென்ற ஒரு நாளில், பேரனுடன் வந்த மூதாட்டி ஒருவர் பாலத்தின் இப்புறமே நின்றுவிட்டார். ஏன் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோட்டை தானே ஒரு காட்சிப்பொருள். அதனைப் பார்க்கச் செல்வோம். அம்மூதாட்டி தம் பெட்டகத்து ஓலையை எடுத்துச் சென்று கொடுக்கும் இடம் அதுவன்று. கடலேரியின் உப்புக்காற்று ஓலைக்கும் இரும்புக்கும் செய்யும் கேட்டையும் இதனுடன் சேர்த்து எண்ணுக.

அடுத்துக் கூறப்படுவது நல்லூர். யாழ்ப்பாண மன்னரின் இராசதானி அது. சங்கிலியன் தோப்பு வளைவும், யமுனா ஏரியும், மந்திரிமனையும் அங்கே நிற்கின்றன. அரசரின் வரலாற்றைக் கூறுவதற்கு நல்லூரே தக்க இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நகரம் என்று நாம் இன்று வழங்குவது அரசர் வீழ்ந்த பின்னர் கடலேரிக் கரையில் வளர்ந்தது. பறங்கித் தெருவும், சோனகத் தெருவும், குருநகரும், பெரியகடையும், வண்ணார்பண்ணையும் சேர்ந்தே யாழ்ப்பாண நகரம் ஆயிற்று. நல்லூரைச் சொன்னால் அரசையும் ஆலயத்தையுமே எவரும் நினைப்பர். ஆலயக் கதவுகள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நம்மவருள் ஒரு சாராருக்கு அடைபட்டிருந்தன என்பதையும் மறத்தலாகாது. எல்லார்க்கும் பொதுவான நூதனசாலை, பெருமையை மட்டும் நினைப்பூட்டும் சூழலில் அமைவது நன்றன்று.

மூன்றாவதாக, பொது நூல்நிலையத்தை அடுத்த வெளியைச் சிலர் கூறுவர். 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் பெரியார் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசிப்புப் பணியே அந்நூல்நிலையத்தின் வித்து. நூலகவியல் அறிஞர் இரங்கநாதனின் ஆலோசனையும் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் துணைநிற்க எழுந்த கட்டடம் 1959ஆம் ஆண்டு ஒக்தோபரில் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு அது எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. மீண்டும் எழுந்து நிற்கும் அந்நூல்நிலையத்திற்கு அதன் வரலாறே போதும். அதன் அமைதியைக் கலைத்து அதனருகே மற்றொரு பெருங்கட்டடத்தை நிறுத்துதல் இரண்டிற்கும் நன்மை பயவாது. முற்றவெளியும் வெளியாகவே இருத்தல் வேண்டும். நகர நடுவிலே பிள்ளைகள் ஓடியாடும் ஒரு வெளி எஞ்சியிருப்பதும் அந்நகர வரலாற்றின் ஒரு பகுதியன்றோ?

ஆயினும் நூல்நிலையத்தின் அழிவு நூதனசாலையைப் பற்றிய வினாவைக் கூர்மையாக்குகின்றது. பாரிசு நகர மண்டபம் எரிந்தபோது ஜூல் கூசானின் வீட்டு நூல்கள் நகரின் நினைவைக் காத்தன அல்லவா? யாழ்ப்பாணத்தின் நிலையும் அதுவே. பொதுவிடத்தில் இருந்தவற்றுட் பெரும்பகுதி எரிந்தது. எஞ்சியவை வீடுகளில் இருந்தன. அவ்வீடுகளும் நிலைத்து நிற்கவில்லை. 1990 ஒக்தோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் தம் உடைமைகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1995ஆம் ஆண்டு ஒக்தோபர் இறுதியில் நகர மக்கள் அனைவரும் ஒருசேர வெளியேறினர். அப்போது கையில் எடுத்துச் சென்றவை எவை? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஒன்றிரண்டு புகைப்படங்கள். அவை இன்று புத்தளத்திலும், கொழும்பிலும், கடல் கடந்த நாடுகளிலும் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் தலைமுறை மறைந்தால் அவையும் மறையும். இதுவே நாம் விரைந்து முடிவு செய்ய வேண்டியதற்குக் காரணம்.

நான்காவதாக ஓர் இடத்தை நான் முன்வைக்க விரும்புகின்றேன். அது கண்டி வீதியிலே சுண்டுக்குழிப் பக்கமாக, பழைய பூங்காவை அடுத்துள்ள பழைய கச்சேரி. கச்சேரி என்றால் தமிழகத்து நண்பர் இசையரங்கு என்று எண்ணிவிடுவர். நம் நாட்டிலே அச்சொல்லுக்குப் பொருள் வேறு என்பதும், அங்கே கேட்கும் ஓசை சங்கீதமன்று என்பதும் நேயர்கள் அறிந்ததே! 1829ஆம் ஆண்டு முதல் 1867ஆம் ஆண்டு வரையில் அரசாங்க அதிபராக இருந்து, வடக்கின் இராசா என்று பேசப்பட்ட பேர்சிவல் டைக் துரையின் பெயரோடு பழைய பூங்கா இணைந்துள்ளது. 1833ஆம் ஆண்டில் வட மாகாணம் அமைந்தபோது அதன் நிருவாகம் யாழ்ப்பாணத்துக் கச்சேரியிலிருந்தே நடந்தது. காணி, வரி, வீதி, குளம், மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு என்று எல்லாம் அங்கிருந்தே மேற்பார்க்கப்பட்டன. போரிலே அக்கட்டடம் சிதைந்தது. போர் ஓய்ந்த பின்னரும் நெடுங்காலம் கூரையிழந்த சுவர்கள் மரவேர்கள் பற்றிப் படர நின்றன.

கச்சேரியை ஏன் சொல்கின்றேன்? நகரத்தவர் அனைவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் செல்ல நேர்ந்த இடம் கச்சேரி ஒன்றே. ஆலயத்திற்கு எல்லாச் சமயத்தாரும் செல்லார். சந்தைக்குச் செல்பவர் தத்தம் கடையோடு திரும்புவர். கச்சேரிக்கோ கமக்காரனும், கடற்றொழிலாளியும், சோனக வணிகரும், பறங்கிக் குடும்பத்தாரும், ஓய்வூதியம் பெறும் ஆசிரியரும், கைம்பெண்ணும் சென்றே ஆகவேண்டியிருந்தது. அங்கே அனைவரும் சமமாக நடத்தப்பட்டனர் என்று நான் கூறமாட்டேன். விறாந்தையிலே காத்திருக்க நேர்ந்தது அனைவர்க்கும் பொது என்பதையே கூறுகின்றேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் ஒருமுறை ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவரிடம், கச்சேரிக்கு எதற்காகச் சென்றீர்கள் என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். மறுவாரம் வந்த கொப்பிகளில் ஒன்றேனும் வெறுமையாய் இருக்கவில்லை. பிறப்புப் பதிவுக்குச் சென்றவர், காணி அனுமதிப் பத்திரத்திற்குச் சென்றவர், நிவாரணத்திற்காகப் பதிந்தவர், காணாமற்போன மகனைப் பற்றி மனுக் கொடுக்கச் சென்றவர் என எல்லா வகையினரும் அவற்றில் இருந்தனர். மன்னர் பெயர்களை மனனஞ் செய்ய மறுக்கும் பிள்ளைகள் அன்று தம் பாட்டன்மார் கதையை ஒருவர்க்கொருவர் வாசித்துக் காட்டினர். வரலாறு தமக்கும் உரியது என்பதை அவர்கள் அன்று உணர்ந்தனர் என்றே கருதுகின்றேன்.

நூதனசாலையின் உட்பொருளுக்கும் கச்சேரி ஏற்ற வாயிலாகும். ஒல்லாந்தர் எழுதிய தோம்பு என்னும் காணிப் பதிவேட்டிலிருந்து கதையைத் தொடங்கலாம். 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்காறுகளைத் திரட்டி எழுதிய தேசவழமைச் சட்டம் இன்றும் நம் காணிகளையும் சீதனத்தையும் ஆளுகின்றது. எந்த வேலிக்கு எவர் உரியர், எந்தக் கிணற்றில் எவர்க்குப் பங்கு, எந்த மகளுக்கு எந்த வளவு என்பன போன்ற வினாக்களில் யாழ்ப்பாணத்தவரின் சமூக வரலாறு முழுவதும் அடங்கும். ஓர் உறுதி ஓலையை விளக்கினால் குடும்பமும் சாதியும் தொழிலும் பெண்ணுரிமையும் தாமே வெளிப்படும். அவ்வாறு விளக்குவதற்குக் காணிப் பதிவுகள் நடந்த இடத்தினும் தக்க இடம் யாது?

இதற்கு எழக்கூடிய தடைகளையும் எண்ணிப் பார்த்தல் நேர்மை. கச்சேரி அந்நியர் ஆட்சியின் சின்னம் அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். உண்மையே. ஆயின் நூதனசாலை மேசையின் அப்புறம் இருந்த அதிபரின் கதையை மட்டும் சொல்ல வேண்டியதில்லை. இப்புறம் மனுவுடன் நின்றவரின் கதையையும் சொல்லலாம். பேருந்து நிலையத்திலிருந்து அது சற்றுத் தொலைவன்றோ என்று மற்றொருவர் கேட்கலாம். கண்டி வீதியாற் செல்லும் பேருந்துகள் அவ்வழியே செல்கின்றன. மாவட்டச் செயலகத்திற்கு அலுவலாய் வருவோரும், அயலிலுள்ள பாடசாலைப் பிள்ளைகளும் நாள்தோறும் அவ்வழியே நடக்கின்றனர். கடலேரியின் உப்புக்காற்று நேரே தாக்கும் இடமும் அன்று.

கட்டடம் இடிந்ததன்றோ என்பது மூன்றாவது தடை. இதனை நான் தடையென்று கருதவில்லை. இடிந்த சுவரைப் பூசி மறைத்துப் புதியதுபோற் காட்டுதல் வேண்டா. பொறியியலாளர் உறுதியென்று கூறும் சுவர்களை அவ்வாறே நிறுத்தி, அவற்றின் நடுவே மழை புகாத புதிய கூடங்களை அமைக்கலாம். ஓலையும் கடதாசியும் இருக்கும் அறை உயர்ந்த தளத்தில், ஈரம் அணுகாதவாறு அமைதல் வேண்டும். 2008 நவம்பரிலே நிஷா என்னும் புயல் கொணர்ந்த வெள்ளத்தை யாழ்ப்பாணத்தவர் மறந்திரார். நூதனசாலைக்கு இடம் பார்ப்பவர் பங்குனி வெயிலில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாகாது. கார்த்திகை மழையிலும் ஒருமுறை சென்று நின்று பார்த்தல் வேண்டும்.

கச்சேரியே முடிந்த முடிபு என்று வற்புறுத்துவது என் நோக்கமன்று. மாநகர சபையாரும், அறிஞரும், அவ்வவ் வட்டாரத்து மக்களும் கூடி ஆராய்ந்து இதனினும் சிறந்த இடத்தைக் காட்டுவராயின் மகிழ்ச்சியே. ஆனால் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் முதலில் ஒன்றைக் கேட்டறிதல் வேண்டும். குருநகர் மீனவர், சோனகத் தெருவிற்கு மீண்டு வந்த குடும்பத்தார், வண்ணார்பண்ணை வணிகர், நகரின் துப்புரவுப் பணியில் தலைமுறைகளாய் உழைத்தவர் ஆகிய இவர்களிடம் சென்று, அவ்விடத்திற்கு நீங்கள் வருவீர்களா, உங்கள் வீட்டுப் பொருளைக் கொண்டுவந்து தருவீர்களா என்று கேட்டல் வேண்டும். அவர்கள் ஆம் என்று சொல்லும் இடத்திலேதான் அத்திவாரக் கல்லை நடலாம். கட்டடம் எழும் வரையிற் காத்திராது, வீடுகளில் உள்ளவற்றைப் பட்டியலிட்டுப் படமெடுத்து வைக்கும் பணியை நம் பாடசாலைகள் நாளையே தொடங்கலாம். அதற்கு மாளிகை வேண்டா. ஒரு கொப்பியும், மூத்தவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கும் ஒரு பிள்ளையும் போதும்.